திருகுக்கு முன்னால் தட்டு: ஒரு கோல்ட் பாக்கெட் பிஸ்டலுக்குப் புதிய கைப்பிடி

பிஸ்டல் கைப்பிடியின் இரு பக்கமும் மாட்டும் தட்டு, தன்னால் ஆடாமல் அசையாமல் துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தின் மீது உட்கார வேண்டும். உட்கார்ந்த தட்டு விலகிவிடாமல் காவல் காப்பது மட்டுமே திருகின் வேலை. பழைய பாக்கெட் பிஸ்டல்களின் உடைந்த தட்டுகள் என் மேசைக்கு வரும்போதெல்லாம், யாரோ ஒருவர் எப்போதோ இதை மறந்து, திருப்புளியை இன்னும் ஒரு கால் சுற்றுச் சுற்றியிருப்பதைத்தான் காண்கிறேன். இங்கே எழுதப்போகும் வேலையில் நானும் அதே இடத்தில் ஒருமுறை சறுக்கினேன். அதனால் தொடக்கம் முதல், ஒப்படைத்த பிறகு நடந்தது வரை, எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்த நிலை

பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊர். அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். இரும்பு வேலை அவருடையது, மர வேலை என்னுடையது. சென்ற வசந்த காலத்தில் அவர் கடைக்கு எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். கையில் ஒரு காலணிப் பெட்டி. பெட்டிக்குள் சமையலறைத் துண்டில் சுற்றிய, கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1903 பாக்கெட் ஹேமர்லெஸ் பிஸ்டல், .32 காலிபர் (குழல் துளையின் அளவு). அவருடைய தாத்தா நடத்திய இரும்புச் சாமான் கடையின் கல்லாப்பெட்டிக்கு அடியில் பல ஆண்டுகள் இருந்தது அது.

“குண்டு இல்லை” என்றார் அவர். என்றாலும் பழுது பார்ப்பவர் தன் வழக்கப்படி முதலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினை வெளியே எடுத்தார். பிறகு மேலே நகரும் உருக்கு உறையான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, வெடியறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தார். இந்தத் துப்பாக்கியில் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. மேகசினை எடுத்துவிட்டால் சுட முடியாதபடி தடுக்கும் அமைப்பு இந்த மாடலின் பிற்காலத் துப்பாக்கிகளில்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றில் மேகசின் வெளியே இருந்தாலும் வெடியறையில் ஒரு தோட்டா இருந்தால் அது வெடிக்கும். வெடியறை காலியாகத்தான் இருந்தது.

இடது பக்கத் தட்டு இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இரண்டு துண்டுகளையும் யாரோ பழுப்பு நிற ஒட்டு நாடாவால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது பக்கத் தட்டு முழுசாக இருந்தது, ஆனால் அதன் கீழ் மூலையில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. இரண்டுமே கடின ரப்பர்; மேலே கோல்ட் என்ற எழுத்து, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரைக்குட்டி, சுற்றிலும் சாய்சதுரக் கோடுகள். வலது தட்டில் அந்தக் கோடுகள் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. அந்த இடத்தை ஆசிரியை கட்டைவிரலால் தடவிக் காட்டினார். “இது தாத்தாவின் கை” என்றார். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் பாதி அந்தச் சொல்லிலிருந்து வந்தவை.

இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம்

இதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரர். அவருடைய வடிவமைப்புகளை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் நிறுவனமும், பெல்ஜியத்தில் எஃப்.என். நிறுவனமும் செய்து விற்றன. தமிழ்நாட்டில் பிரவுனிங் என்ற பெயரைப் படித்தவர்களுக்கு 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையிலிருந்த பிஸ்டல் நினைவுக்கு வரும். அது பெல்ஜியத்துப் பிறவி. என் முன்னால் இருந்தது அதன் அமெரிக்க உறவு.

1903 முதல் 1945 வரை கோல்ட் இந்த மாடலை .32 காலிபரில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்தது. ஹேமர்லெஸ் என்ற பெயரைப் பார்த்துச் சுத்தியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சுத்தி இருக்கிறது, ஸ்லைடுக்குள் ஒளிந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்ட எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் உயிர். கைப்பிடித் தட்டு செய்பவன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பையில் மாட்டாத துப்பாக்கிக்குப் பையில் மாட்டும் தட்டைச் செய்தால் மொத்த வடிவத்தையும் கெடுத்ததாகும்.

நம் துப்பாக்கியின் ஸ்லைடில் இடது பக்கம் 1897, 1903 ஆகிய இரண்டு காப்புரிமைத் தேதிகள் தெளிவாக இருந்தன. குழல் முனையில் தனிக் கழுத்து வளையம் இல்லை. இந்த மாடலில் 1910-ஐ ஒட்டித்தான் அந்த வளையம் கைவிடப்பட்டது; ஆகவே இது அதற்குப் பிறகு செய்தது. கோல்ட் தன் பழைய பதிவேடுகளைப் பார்த்து, குறிப்பிட்ட துப்பாக்கி எந்த ஆண்டு, எந்தத் தட்டுகளுடன் வெளியே போனது என்று கட்டணத்துக்குக் கடிதம் தரும் வழக்கம் உண்டு. ஆசிரியையின் தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்திருந்தார். அதில் ரப்பர் தட்டு என்றே இருந்தது. ஆகவே உடைந்தவை தொழிற்சாலையிலிருந்து இந்தத் துப்பாக்கியோடு பிறந்தவை. 1920-களின் நடுவில்தான் கோல்ட் ரப்பரை விட்டுவிட்டு, வெள்ளி நிற முத்திரை பதித்த வால்நட் மரத் தட்டுகளுக்கு மாறியது.

ஏன் உடைந்தது

கடின ரப்பர் என்பது கந்தகத்தோடு சேர்த்துச் சமைத்த ரப்பர். மென்மையான ரப்பரில் கந்தகம் ஒரு சிட்டிகை என்றால், இதில் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். புதிதாக இருக்கும்போது கருங்காலி (எபனி) மரம் போல மின்னும்; எபனைட் என்று பெயர் வந்ததும் அதனால்தான். நூறாண்டு வெளிச்சமும் காற்றும் ஈரமும் பட்டால் மேல்பரப்பில் இருக்கும் கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக மாறுகிறது. கறுப்பு பழுப்பாகிறது. பொருள் இறுகி, நொறுங்கும் தன்மை வருகிறது, சற்றே சுருங்கி வளைகிறது.

தட்டின் வெளிப்பக்கம் கெட்டியான காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் வெளிச்சமே படாத உள்பக்கம் இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தபோது தீக்குச்சி உரசிய வாடை லேசாக வந்தது. கடின ரப்பர் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி தேவையில்லை. தட்டுக்கு அடியில் இருந்த உருக்கில், கைவியர்வையும் அந்த அமிலமும் சேர்ந்து, ஊசி முனை அளவில் துருக்குழிகளைப் போட்டிருந்தன. துருவைத் தடுக்க உருக்கின் மேல் ஏற்றிய நீலம், வெளியே தெரியும் இடங்களில் நன்றாகவே இருந்தது. தட்டு மறைத்த இடத்தில்தான் நோய்.

உடைந்த கோடு திருகுத் துளையிலிருந்து தொடங்கி முன் ஓரத்துக்குப் போயிருந்தது. கீழே விழுந்து உடைந்திருந்தால் மூலையில்தான் தொடங்கியிருக்கும். துண்டுகளைச் சேர்த்து ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தேன். மேல் நுனியும் கீழ் நுனியும் கண்ணாடியைத் தொட்டன, நடுவில் ஒரு தாள் புகும் இடைவெளி. கதை புரிந்தது. தட்டு வில் போல வளைந்திருக்கிறது. யாரோ அது ஆடுவதைப் பார்த்துத் திருகை இறுக்கியிருக்கிறார்கள். திருகு நடுப்பகுதியைக் கீழே இழுக்க, வளையத் தெரியாத பொருள் துளையில் பிளந்திருக்கிறது.

என்ன செய்யலாம் என்று பேசியது

பழையதை ஒட்டி மாட்டிவிடலாமே என்பதுதான் ஆசிரியையின் முதல் விருப்பம். ஒட்டலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வளைவு போகாது, மாட்டினால் அதே திருகு அதே இடத்தில் மறுபடியும் இழுக்கும். அமிலம் கசியும் பொருளை மீண்டும் உருக்கோடு சேர்த்து வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கடையில் கிடைக்கும் வார்ப்பு பிளாஸ்டிக் தட்டுகள் மலிவு, பார்வைக்கும் நெருக்கம். ஆனால் இந்த மாடலின் சட்டங்களில் நூலிழை வேறுபாடுகள் உண்டு. அவற்றையும் எப்படியும் அரம் போட்டுத்தான் பொருத்த வேண்டும்.

ஆசிரியையின் மருமகன் தந்தம் கேட்டார். அமெரிக்காவில் 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தின் மீது ஏறக்குறைய முழுத் தடை இருக்கிறது. பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் புதிதாக ஒரு தட்டு செய்து கொடுப்பது அந்த விலக்குக்குள் வராது. தடையே இல்லாவிட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். எனக்குப் பிரியமான ஈட்டி மரத்தையும் மனசுக்குள் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். அந்த ஊதா நிறம் இந்த நீல உருக்கின் பக்கத்தில் எவ்வளவு எடுப்பாக இருந்திருக்கும்! ஆனால் இந்தத் துப்பாக்கியின் குடும்பத்துக்கு ஈட்டி உறவில்லை. கோல்ட் பின்னாளில் போட்டது கறுப்பு வால்நட். அமெரிக்க ராணுவம் தன் ஜெனரல்களுக்கு இந்த மாடலைக் கொடுத்த காலத்திலும் வால்நட்தான் பழக்கம். அதையே முடிவு செய்தோம்.

இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். முதலாவது, குதிரைக்குட்டி முத்திரையைப் பதிக்க மாட்டேன். தொழிற்சாலைத் தட்டு என்று நாளை ஒருவர் நம்பி வாங்கிவிடக் கூடாது. ஆசிரியைக்கு அந்த முத்திரை மீது ஆசை இருந்தது. விளக்கியதும் விட்டுக்கொடுத்தார். முத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கோடு போடாத ஒரு சிறு முட்டை வடிவத்தை வெறுமையாக விட ஒப்புக்கொண்டோம். இரண்டாவது, இரும்பின் மீது ஒரு அரம்கூடப் படாது. பொருந்தாதது எதுவானாலும் மரம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மரத்தை நாளைக்கே இன்னொரு கட்டையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம், 1910-களின் கோல்ட் சட்டம் இன்னொன்று வராது.

ஆசிரியையிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. அவர் விரல்களில் மூட்டுவலி. துப்பாக்கி மிகத் தட்டையாக இருப்பதால் கையில் நிற்கவில்லை என்றார். வருடத்துக்கு ஒருமுறை சுடும் மைதானத்தில் தாத்தாவின் நினைவாக ஒரு மேகசின் சுடுவது அவர் வழக்கமாம். ஆகவே தட்டுகள் கொஞ்சம் தடிமனாக வேண்டும், பையில் போகும் தட்டைத்தன்மையும் கெடக் கூடாது. உள்ளங்கை நிறையும் நடுப்பகுதியில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மேடு, ஓரங்கள் எல்லாம் பழைய அளவு என்று பேசி முடித்தோம்.

முதல் ஜோடியும் என் தவறும்

இங்கே தொழில்முறையாக ஒருவர் துப்பாக்கியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டும். என்னிடம் அது இல்லை. பிஸ்டல் கடையிலேயே இருந்தது, தட்டுகள் மட்டும் என் வீட்டுப் பட்டறைக்கு வந்தன. இதுவரை சரி. ஆனால் துப்பாக்கி கையில் இல்லாததால் முழுசாக இருந்த வலது தட்டையே அச்சாக வைத்துக் கோடு கிழித்தேன். பழைய பொருள் சுருங்கும், வளையும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஆசிரியைக்கு விளக்கம் சொல்லியிருந்தேன். அந்த விளக்கத்தை நானே மறந்துவிட்டேன்.

வால்நட் துண்டைப் புத்தகம் விரிப்பது போல நடுவில் அறுத்து, இரண்டு பக்கத்திலும் ரேகை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வரும்படி எடுத்தேன். ரேகை மேலிருந்து கீழாக ஓடியது. குறுக்கே ஓடினால் முன் மூலை ஒருநாள் சில்லாகப் போய்விடும். நான்கு நாள் வேலை. நன்றாகவே வந்திருந்தன, அதில் ஐயமில்லை.

கடையில் போய் மாட்டினேன். முன் ஓரத்தில் சட்டத்துக்கும் தட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. நுண்ணளவு பார்க்கும் காலிப்பர் கருவியில் 0.6 மில்லிமீட்டர். தட்டு மேலும் கீழும் லேசாக ஆடியது. பழைய தட்டின் வளைவையும் விசுவாசமாகப் படியெடுத்திருக்கிறேன்! அப்போதே கழற்றியிருக்க வேண்டும். திருகு கொஞ்சம் இழுத்தால் உட்காருமோ என்று ஒரு கால் சுற்றுக் கொடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். திருகுத் துளையிலிருந்து ரேகை வழியாக முடி போல ஒரு விரிசல்.

முன்பு யாரோ செய்த அதே தவறு, அதே துளை, அதே கால் சுற்று. பழுது பார்ப்பவர் எதுவும் சொல்லவில்லை, கடை நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். அந்த ஜோடியை நான் எறியவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

இரண்டாவது ஜோடி

இந்த முறை அச்சு சட்டத்திலிருந்து எடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து, சட்டத்தின் பக்கவாட்டில் மெல்லிய அட்டையை வைத்து, ஓரங்களை நகத்தால் அழுத்தி மடித்து வடிவம் எடுத்து, ஒவ்வொரு வளைவையும் காலிப்பரால் சரிபார்த்தேன். பழைய தட்டைத் துளையின் இடத்துக்கும், உள்பக்கக் குழிவுகளுக்கும் மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டேன். அந்தக் குழிவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரியாவிட்டாலும் விட்டுவிடக் கூடாது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் திருத்தம் செய்தேன். கறுப்பு வால்நட் பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்போது, வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் 7.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். காய்ந்த மரமும் கோடை ஈரத்தில் விரிந்து, குளிர்கால வீட்டுச் சூட்டில் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். முப்பது மில்லிமீட்டர் அகலத் தட்டில், ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால் முதல் திசையில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர், இரண்டாம் திசையில் கால் மில்லிமீட்டர் அசைவு. சிறியதுதான், ஆனால் வெளிச்சம் தெரியாமல் பொருத்துவதே நோக்கம் என்றால் அந்த வேறுபாடு பெரிது. ஆகவே வளையங்கள் தட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த துண்டை எடுத்துக்கொண்டேன்.

இனி வந்ததுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நம் வீடுகளில் கண்மைக்கு விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்கள் அல்லவா, அதே கரிதான் இங்கும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மேல் ஒரு பழைய தட்டைக் காட்டிக் கரி பிடித்து, ஒரு துளி எண்ணெயில் குழைத்து, விரல் நுனியால் சட்டத்தின் பக்கத்தில் நிழல் போல மட்டும் தடவ வேண்டும். மரத் தட்டைத் திருகில்லாமல் வைத்துக் கையால் அழுத்தி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் உளி முனையால் சுரண்ட வேண்டும். திரும்ப வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், சுரண்ட வேண்டும். முதலில் மூன்று புள்ளிகள். அந்த மூன்றின் மீதுதான் தட்டு முக்காலி போல நின்றுகொண்டிருந்தது. பத்தாவது முறையில் எட்டுப் புள்ளிகள். நாற்பது முறைக்குப் பிறகு உள்பக்கம் முழுவதும் மழைத்தூறல் போலச் சீராகக் கரி படிந்தது. விரலால் எந்த மூலையைத் தட்டினாலும் ஒரே சத்தம். ஆடும் தட்டில் ஒரு மூலை மட்டும் டொக் என்று கேட்கும். இந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் திருகைக் கையில் எடுத்தேன். திருப்புளியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றி, தலை தட்டைத் தொட்டதும் நிறுத்தினேன்.

பழைய திருகுகளையே பயன்படுத்தினோம். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு திருகை முடுக்கி, துளையிலுள்ள நூறாண்டுத் திருகுப் புரியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருப்புளியின் முனையும் திருகுத் தலையின் காடிக்கு அளவாக இருக்க வேண்டும். இந்தத் தலைகளில் ஏற்கெனவே ஒரு வழுக்கல் காயம் இருந்தது. இன்னொன்றைச் சேர்க்காமல் இருக்க, பழுது பார்ப்பவர் தன் திருப்புளி ஒன்றை இதற்காகவே தேய்த்துக் கொடுத்தார். துருக்குழிகளையும் அவரே பார்த்துக்கொண்டார். எண்ணெயில் ஊற வைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தார். மெருகு போடவில்லை, மறுபடி நீலம் ஏற்றவில்லை.

இடது தட்டில் ஒரு சிக்கல் பின்னால் தலைகாட்டியது. பாதுகாப்பு நெம்பு இடது பக்கம் பின்னால் இருக்கிறது. மேலே தள்ளினால் பாதுகாப்பு, கீழே இறக்கினால் சுடத் தயார். கீழே இறக்கும்போது அது தட்டின் மேல் ஓரத்தை உரசியது. கண்ணுக்கு இடைவெளி இருப்பது போலத்தான் தெரிந்தது. நெம்பின் அடியில் கரி தடவிப் பார்த்ததும் மரத்தில் பிறை போல ஒரு கோடு விழுந்தது. அந்தப் பிறையை மட்டும் தணித்தேன். நெம்பு முழுத் தூரமும் இறங்குகிறதா, முழுத் தூரமும் ஏறுகிறதா, கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும், கையால் அழுத்தினால் மட்டுமே சுட விடும் அழுத்துப் பாதுகாப்பு மரத்தில் உரசாமல் தானாகத் திரும்பி வருகிறதா என்று காலித் துப்பாக்கியில் பழுது பார்ப்பவர் திரும்பத் திரும்பச் சோதித்தார். அவர் தலையசைத்த பிறகே வெளிப்பக்கத்தை வடிவமைக்கத் தொடங்கினேன். அழகு பார்க்கும் முகத்தை முதலில் முடித்துவிட்டு உள்பக்கத்தை அப்புறம் பொருத்தப் பார்ப்பவர்கள் இரண்டு வேலையையும் இரண்டு தடவை செய்வார்கள்.

கோடுகள்

ரப்பரில் அச்சிலேயே வந்த சாய்சதுரங்களை மரத்தில் கையால் வெட்ட வேண்டும். அங்குலத்துக்கு 22 கோடு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதைவிட நெருக்கமானால் பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் வலிக்கும் விரல்களுக்குப் பிடிமானம் குறையும். நீண்ட துப்பாக்கிக் கட்டைகளில் சாய்சதுரத்தின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு என்பது வழக்கம். சிறிய தட்டில் அது ஈட்டி முனைகளாகத் தெரியும் என்பதால் இரண்டு மடங்கு அளவில் நிறுத்தினேன்.

முதல் இரண்டு கோடுகள்தான் எல்லாம். அவை குறுக்கிடும் கோணம் பிசகினால் எண்பதாவது கோட்டில் பிசகு ஊரறியத் தெரியும். உள்ளங்கை மேட்டின் மேல் கோடு ஏறி இறங்கும்போது கருவி சரிவுப் பக்கம் நழுவப் பார்க்கும். அங்கே தள்ளுவதை நிறுத்தி, என் பக்கமாக இழுத்து வெட்டினேன். ஒரே தடவையில் ஆழமாகப் போகாமல், முழுப் பரப்பையும் மூன்று சுற்று வெட்டிய பிறகுதான் சாய்சதுரங்களின் தலை கூரானது. ஒரு தட்டுக்கு நான்கு மாலை நேரம். வலது தட்டில் கீழ் ஓரம் அருகே ஒரு சாய்சதுரம் தலை பறந்துவிட்டது. அதை ஒட்டி மறைக்கவில்லை. தேடினால் தெரியும்.

எண்ணெய் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். பழைய பல் துலக்கியில் தொட்டு, கோடுகளுக்குள் தேங்காமல் துடைத்துத் துடைத்து, ஒரு வார இடைவெளியில் நான்கு முறை. துடைத்த துணியை உருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அந்த எண்ணெய் சூட்டை உண்டாக்கும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகே எறிவது என் பழக்கம்.

இரண்டு தட்டுகளின் உள்பக்கத்திலும் என் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும், மாற்றுத் தட்டு என்ற சொல்லையும் சிறு ஊசியால் சுட்டு எழுதினேன். இடது தட்டில் இன்னும் ஒரு வரி உண்டு. தாத்தாவின் பெயரெழுத்துகள் உள்ளே இருக்கட்டும், வெளியே வேண்டாம் என்று ஆசிரியை கேட்டிருந்தார்.

ஒப்படைத்த பிறகு

பழைய தட்டுகளை நான் ஒட்டவில்லை, தண்ணீரில் கழுவவில்லை, கறுப்பு வரும் என்று எண்ணெய் தேய்க்கவும் இல்லை. உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்து, ஒட்டு நாடாவின் பசையைப் பஞ்சால் எடுத்து, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சம் படாத, உலர்ந்த இடத்தில், துப்பாக்கியிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டால் கந்தக வாயு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கோல்ட் கடிதத்தின் நகலும், நான் என்ன செய்தேன் என்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் அதே பெட்டியில் இருக்கின்றன. துப்பாக்கி என்றைக்காவது கைமாறினால் பெட்டியும் கூடவே போக வேண்டும் என்று குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆசிரியை புதிய கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தபோது முதலில் எதுவும் சொல்லவில்லை. கட்டைவிரல் முத்திரையில்லாத அந்த முட்டை வடிவத்தில் போய் நின்றது. “இங்கே கோடு போடாமல் விட்டது நல்லதுதான். என் கை தேய்க்க ஓர் இடம்” என்றார்.

ஜூன் மாதம் கடையின் மைதானத்தில் எட்டுத் தோட்டா சுட்டார். திருகுகள் அசையவில்லை. சோதனைக்காகத் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்பக்கக் கரித் தடத்தில் எங்கும் பளபளப்பு ஏறவில்லை. எங்காவது உரசியிருந்தால் அங்கே மின்னியிருக்கும்.

ஜனவரியில், வீட்டுச் சூடாக்கி மூன்று மாதம் ஓடிய பிறகு, மறுபடியும் பார்த்தோம். வலது தட்டின் முன் ஓரத்தில் மயிரிழை போல ஓர் இடைவெளி. இடைவெளி அளக்கும் மெல்லிய அளவுத் தகடுகளில் 0.1 மில்லிமீட்டர் புகுந்தது, 0.15 புகவில்லை. இடது தட்டில் எதுவும் புகவில்லை. இடது திருகு விரலுக்கு லேசாகத் தளர்ந்திருந்தது. பழுது பார்ப்பவர் திருப்புளியை எடுத்தார், என்னைப் பார்த்தார். தட்டின் நான்கு மூலைகளையும் நகத்தால் தட்டிக் கேட்டேன். ஒரே சத்தம். திருகை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். ஜூலையில், காற்றில் ஈரம் ஏறிய பிறகு, அடுத்த அளவு எடுப்போம்.